சங்குமாலைக்காரரிடம் தொடங்குங்கள்: மொழி தெரியாத நாட்டுக்குக் கிளம்பும் குமரி மாவட்டத்தாருக்கு

31 வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். பதில் தெரியாமல் முழிக்கும் பிள்ளைகளைப் பார்த்து, "வாயில என்னலே, கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று கேட்டதற்குக் கணக்கே கிடையாது. ஓய்வு பெற்ற மறுவருடம் மனைவியோடு பாங்காக்கில் ஒரு சாப்பாட்டுக் கடை முன்னால் நின்றேன். அன்றைக்குக் கொழுக்கட்டை என் வாயில் இருந்தது. கேட்க வேண்டியது தண்ணீர், அவ்வளவுதான். 'வாட்டர்' என்றேன், 'வாட்டா' என்றேன், காகிதத்தில் எழுதியும் காட்டினேன். கடைக்கார அம்மா நெடுநேரம் யோசித்துவிட்டு ஒரு தட்டு தண்ணிமத்தங்காய் (தர்பூசணி) வெட்டிக் கொண்டுவந்து வைத்தார்.

"நீங்க கொஞ்சம் மாறி நில்லுங்க, நான் கேக்கேன்" என்று என் மனைவி முன்னே வந்தாள். கட்டைவிரலை வாய்க்கு நேரே தூக்கித் தலையைப் பின்னால் சாய்த்துக் காட்டினாள். தண்ணீர் வந்தது. அன்று முழுக்க அவள் முகத்தில் இருந்த சிரிப்பை விவரிக்க மாட்டேன்.

இந்தக் கட்டுரை எங்களைப் போல முதல்முறையாக, சொந்தப் பொறுப்பில் வெளிநாடு போகிறவர்களுக்கானது. வழிகாட்டியோடு, கொடி பிடித்துக்கொண்டு, மூன்று வேளையும் இட்லி தரும் குழுச் சுற்றுலாவில் போகிறீர்கள் என்றால் இது தேவைப்படாது. உங்களுக்கு மொழிச் சிக்கல் வராது. அந்தத் தண்ணிமத்தங்காயும் கிடைக்காது.

ஒரு மாதம் முன்பு: கன்னியாகுமரிக்கு ஒரு சாயங்காலம்

பயிற்சிக்கு எங்கும் போக வேண்டாம். வடசேரியில் பஸ் ஏறிக் கன்னியாகுமரியில் இறங்கி, படகுத் துறைக்குப் போகும் வழியிலுள்ள சங்குமாலைக் கடைகளுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் சும்மா நில்லுங்கள். வங்காளத்துக் குடும்பம் வரும், மராட்டியக் கூட்டம் வரும், ராஜஸ்தான் முண்டாசுக்காரர்கள் வருவார்கள். நம் வியாபாரி ஒவ்வொருவரிடமும் அவர்கள் பாஷையிலேயே பேரம் பேசி, முடிந்தால் ஒரு மாலைக்கு இரண்டாகத் தலையில் கட்டி அனுப்புவார்.

அப்படி ஒருவரிடம், "எத்தனை பாஷை தெரியும்?" என்று கேட்டேன். "ஏழு பாஷையில விக்கத் தெரியும் சாரே. பேசத்தான் தெரியாது" என்றார். என் 31 வருட அனுபவத்தில் மொழிப் பாடம் பற்றி இவ்வளவு தெளிவாகச் சொன்னவர் வேறு யாரும் இல்லை.

அவரைக் கவனித்தால் சில விஷயம் பிடிபடும். ஒரு பாஷைக்கு அவரிடம் இருப்பது இருபது சொல்லுக்குள்தான். எண்கள், 'இது', 'நல்லது', 'கடைசி விலை', 'வாங்க'. வினைச்சொல்லைத் திருத்தமாகச் சொல்ல அவர் மெனக்கெடுவதே இல்லை. மிச்சத்தைக் கையும் கண்ணும் பார்த்துக்கொள்ளும். முக்கியமாக, தப்பாகச் சொல்லி எதிராளி சிரித்தால் அவரும் கூடச் சிரிப்பார். எங்களைப் போன்ற படித்தவர்களுக்கு வராதது அது ஒன்றுதான். தப்பு வந்துவிடுமே என்று வாக்கியத்தை மனசுக்குள்ளேயே திருத்திக்கொண்டு நிற்போம், அதற்குள் பஸ் போய்விடும்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு வேறு ஆசிரியர்களும் உண்டு. வளைகுடா நாடுகளிலும் ஈரானிலும் படகில் தொழில் செய்துவிட்டுத் திரும்பிய மீனவர்களிடம் கேட்டுப் பாருங்கள். குளச்சல் பக்கத்துப் பெரியவர் ஒருவர், தான் அரபியில் முதலில் படித்த சொல் 'ஷுவய் ஷுவய்' என்றார். நம்மூர் 'பைய பைய'தான் அது. எதிராளி வேகமாகப் பேசினால் 'பைய' என்று சொல்லத் தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும் என்றார். அவர் சொன்ன பிறகு எந்த நாட்டுக்குப் போனாலும் அந்தச் சொல்லை முதலில் எழுதிக்கொள்கிறேன். தாய்லாந்து மொழியில் அது 'சா சா'.

எந்த நாட்டிலிருந்து தொடங்குவது

பயம் அதிகமிருந்தால் சிங்கப்பூர், மலேசியா. சிங்கப்பூரில் தமிழ் 4 ஆட்சிமொழிகளில் ஒன்று, அறிவிப்புப் பலகையிலேயே நம் எழுத்தைப் பார்க்கலாம். மலேசியாவில் தமிழர் நிறைய. தமிழர் இல்லாத தெருவிலும் தமிழ் ஒளிந்திருக்கும். மலாய் மொழியில் கடை 'கெடாய்', கப்பல் 'காப்பால்', பெட்டி 'பெத்தி'. கோயிலுக்கு அவர்கள் சொல்லும் சொல் நம் காதில் 'குயில்' என்று விழும். ஆனால் குழாய்க்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்தில் 'ஏர்' என்று எழுதியிருந்தால் காற்று என்று நினைத்துவிடாதீர்கள். அதை 'ஆயிர்' என்று படிக்க வேண்டும், தண்ணீர் என்று பொருள். கழிப்பறைக்கு 'தண்டாஸ்' என்ற பலகையைத் தேடுங்கள். பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பிக்கு 'கோப்பி ஓ கோசோங்'.

கொஞ்சம் தைரியம் இருந்தால் நேரே தாய்லாந்து, வியட்நாம். தாய் எழுத்து நமக்குக் கோலம் போட்டதுபோல் இருக்கும், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளியும் விடமாட்டார்கள். வியட்நாமில் இருப்பது ரோமன் எழுத்து, ஆனால் தலையிலும் காலிலும் குறிகள். படிக்க முடிகிற மாதிரி இருக்கும், வாயைத் திறந்தால் யாருக்கும் விளங்காது. இரண்டும் தொனியால், அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தால், பொருள் மாறும் மொழிகள். தாய் மொழியில் 5 தொனி, வடக்கு வியட்நாம் பேச்சில் 6. என் விருப்பம் தாய்லாந்து. கும்பிட்டு வரவேற்கும் நாடு என்பதால், பேச்சு வராவிட்டாலும் கைக்குத் தெரிந்த ஒரு வார்த்தை இருக்கிறது.

ஒன்பது சொல் போதும்

வணக்கம், நன்றி, மன்னிக்கணும், இது, எவ்வளவு, வேண்டாம், பைய, தண்ணீர், கழிப்பறை. பத்தாவதாக ஒன்றைச் சேர்க்க ஆசை வரும், சேர்க்காதீர்கள். இந்த ஒன்பதும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும்.

தாய்லாந்துக்கு: சவாதீ, கோப் குன், கோ தோட், அன் நீ, தாவ் ராய், மாய் அவ், சா சா, நாம், ஹோங் நாம். எட்டாவதைக் கவனித்தீர்களா? தண்ணீருக்கு 'நாம்'. அன்றைக்கு அந்தக் கடை முன்னால் தமிழில் 'நாம்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். 'ஹோங் நாம்' என்றால் தண்ணீர் அறை, அதுதான் கழிப்பறை.

மரியாதைக்குக் கடைசியில் ஒரு ஒட்டுச் சொல் உண்டு. ஆண் பேசினால் 'க்ரப்', பெண் பேசினால் 'கா'. இது கேட்பவரைப் பொறுத்தது அல்ல, பேசுபவரைப் பொறுத்தது. எனக்கு யார் சொல்வார்கள்? விடுதி வரவேற்பில் இருந்த பெண் 'கோப் குன் கா' என்றதைக் கேட்டு, இரண்டு நாள் ஊரெல்லாம் 'கா கா' என்று காக்கை மாதிரிக் கத்திக்கொண்டு திரிந்தேன். ஒருவரும் திருத்தவில்லை, எல்லோரும் அன்பாகச் சிரித்தார்கள். மூன்றாம் நாள் ஒரு டாக்சி ஓட்டுநர்தான் தன் நெஞ்சைத் தொட்டு 'க்ரப்' என்றும், என் மனைவியைக் காட்டி 'கா' என்றும் பாடம் எடுத்தார். மீசையை முறுக்கி நடித்தும் காட்டினார். மாணவனாக இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அது எனக்கு மறந்தே போயிருந்தது.

உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வையுங்கள்

இது தமிழ் வாய்க்கான தனிப் படி, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தாய்லாந்து மொழியில் காரத்துக்கும் வாத்துக்கும் சொல் கிட்டத்தட்ட ஒன்றே. இரண்டும் நம் காதில் 'பெட்' என்றுதான் விழும். தொனியும் ஒன்று. வித்தியாசம் மூச்சில் இருக்கிறது. காரத்துக்குச் சொல்லும்போது 'ப'வுடன் மூச்சு பீறிட்டு வர வேண்டும், வாத்துக்கு வரக் கூடாது. அதே மாதிரி கோழியும் முட்டையும். இரண்டும் நமக்குக் 'காய்'. மூச்சில்லாமல் சொன்னால் கோழி, மூச்சு விட்டுச் சொன்னால் முட்டை. தமிழில் ஒரே 'ப', ஒரே 'க' என்பதால் இந்த வித்தியாசம் நம் காதுக்கே எட்டாது.

விளைவு என்னவென்றால், சுத்த சைவமான நாகர்கோவில் அம்மா ஒருவர் கடையில் போய் அழுத்தம் திருத்தமாக 'காய், காய்' என்று கேட்டால் தட்டில் கோழி வரும். எங்களோடு அதே விடுதியில் தங்கியிருந்த ஒரு குடும்பத்துக்கு நேர்ந்தது இது, நான் ஜோடிக்கவில்லை.

உள்ளங்கையை வாய்க்கு இரண்டு அங்குலம் முன்னால் பிடித்துக்கொண்டு பழகுங்கள். மூச்சு கையில் படுகிறதா என்று பாருங்கள். மலையாளம் வாசிக்கத் தெரிந்த மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்துக்காரர்களுக்கு இது எளுப்பம். அந்த எழுத்தில் இரண்டு 'க'வும் இரண்டு 'ப'வும் தனித்தனியே இருப்பதால் காது ஏற்கனவே பழகியிருக்கும். எல்லையோரத்தில் பிறந்ததற்கு இப்படியும் ஒரு லாபம்.

சைவர்கள் 'ஜே' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பில் அந்த எழுத்து எழுதிய கடையில் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இருக்காது, பூண்டுகூட இருக்காது. சும்மா 'இறைச்சி வேண்டாம்' என்றால் மட்டும் போதாது. மீனை ஊறவைத்து எடுக்கும் 'நாம் ப்ளா' என்ற சாறு அங்கே உப்பு மாதிரி எல்லாவற்றிலும் விழும். வியட்நாமில் இதற்கு இணையான சொல் 'சாய்'. சாயா கேட்கிற ஞாபகத்தில் சொன்னால் மறக்காது.

காகிதமும் போனும்

விடுதிக்குப் போனதும் முதல் வேலை, அதன் பெயரும் முகவரியும் உள்ளூர் எழுத்தில் அச்சடித்த அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைப்பது. கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. போன் சார்ஜ் இறங்கும், அட்டை இறங்காது.

கூகுள் டிரான்ஸ்லேட்டில் போகும் நாட்டு மொழியையும் தமிழையும் ஆங்கிலத்தையும் வீட்டிலிருக்கும்போதே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத இடத்திலும் உதவும். சீனாவுக்குப் போகிறவர்கள் கூகுளை நம்ப வேண்டாம், அங்கே அதற்குத் தடை. கேமராவை உணவுப் பட்டியலின் மேல் பிடித்தால் மொழிபெயர்த்துக் காட்டும், ஆனால் பதார்த்தப் பெயர்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் சிரிக்க வைக்கும்.

போனிடம் குமரித் தமிழ் பேசாதீர்கள். "எனக்க பெட்டி அங்கோட்டு போயாச்சா மக்கா" என்பதை அது என்னவாக்கும் என்று சொல்ல முடியாது. 'என் பெட்டி எங்கே?' என்று ஏட்டுத் தமிழில் சின்னதாகச் சொல்லுங்கள். நாம் பேச்சில் 'நான்', 'அவர்' எல்லாவற்றையும் விழுங்கிவிடுவோம், கருவி யார் செய்தது என்று தெரியாமல் இன்னொருவர் தலையில் கட்டிவிடும். எழுவாயைச் சேர்த்தே சொல்லுங்கள். வந்த மொழிபெயர்ப்பைத் திரும்பத் தமிழுக்கு மாற்றிப் பார்த்துவிட்டு எதிராளியிடம் நீட்டுங்கள்.

விலைக்கு வாய் வேண்டாம், கால்குலேட்டர் போதும். வியட்நாமில் பூஜ்ஜியங்கள் தலை சுற்ற வைக்கும். 50 என்று எழுதிப் பக்கத்தில் ஆங்கில 'கே' எழுத்து இருந்தால் 50 ஆயிரம் டாங். தாய்லாந்தில் பால் பாக்கெட்டில் 2569 என்று வருடம் போட்டிருந்தால் அஞ்ச வேண்டாம். அவர்கள் புத்தர் ஆண்டைக் கணக்கு வைக்கிறார்கள், 543-ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

சந்தைக்குப் போங்கள்

நினைவுச் சின்னங்களை விட்டுவிட்டாலும் பரவாயில்லை, சந்தையை விடாதீர்கள். வானுயரக் கட்டிடத்திடம் பேச வேண்டியதில்லை, சந்தையில் பேசாமல் தீராது.

பாங்காக்கில் ஒரு தெருச் சந்தையில் என் மனைவி சக்கைப்பழத்தைக் கண்டாள். கிழக்கே பலாப்பழம் என்பதைத்தான் நாங்கள் சக்கை என்போம். வெட்டி வைத்திருந்த கிழவிக்கு வயது எழுபதுக்கு மேல் இருக்கும். என் மனைவி அவரிடம், "இது வருக்கையா, கூழனா?" என்று சுத்தக் கல்குளம் தமிழில் கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இவளுக்கு ஏன் அது தாய்லாந்து என்று உறைக்கவில்லை?

கிழவி ஏதோ சொன்னார். இவள் இரண்டு விரலால் காற்றை அமுக்கிக் காட்டி, 'கட்டியா?' என்று முகத்தைச் சுளித்தாள், பிறகு விரலைக் குழைத்து 'கொழகொழவென்றா?' என்பதுபோல் வாயைக் கோணினாள். கிழவி சட்டென்று கைதட்டிச் சிரித்து, ஒரு சுளையை எடுத்துப் 'படக்' என்று ஒடித்துக் காட்டினார். வருக்கைதான். அப்புறம் அரைமணி நேரம். கொட்டையை அவித்துத் தின்பீர்களா என்று இவள் சைகையில் கேட்க, அவர் அடுப்பும் பானையும் நடித்துக் காட்ட, பிசினை எண்ணெய் தொட்டுத் துடைக்கும் விதத்தை இருவரும் ஒரே சமயத்தில் செய்து காட்டிக்கொண்டார்கள். பழத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'கனுன்' என்று எனக்குத் தெரிந்தது அதன் பிறகுதான். ஒரு சொல் பொது இல்லாத பேச்சு அது. இலக்கணப் புத்தகத்தோடு நான் பக்கத்தில் பை சுமந்துகொண்டு நின்றேன்.

அதனால் படி என்னவென்றால்: உங்களுக்கு ஊரில் நன்றாகத் தெரிந்த ஒரு பொருளைத் தேடிப் போங்கள். தோவாளைக்காரர் பூச்சந்தைக்கு, கடற்கரைக்காரர் மீன் சந்தைக்கு, தையல் தெரிந்தவர் துணிக்கடைக்கு. தொழில் தெரிந்தவருக்கு அந்தத் தொழிலில் பாஷை பாதி தெரிந்த மாதிரிதான்.

தலை, கை, கால்

நம் தலையாட்டல் நம் எல்லைக்குள் மட்டும் செல்லும். ஆமாவா இல்லையா என்று வெளியில் யாருக்கும் புரியாது. பல்கேரியாவிலோ மேலும் கீழும் ஆட்டினால் இல்லை என்று பொருள். வாயால் சொல்லிப் பழகுங்கள். ஜப்பானில் இரண்டு கையையும் பெருக்கல் குறியாகக் கட்டிக் காட்டினால் 'இல்லை, முடியாது'. தாய்லாந்தில் குழந்தை அழகாக இருக்கிறதென்று தலையைத் தடவாதீர்கள், காலை யார் பக்கமும் நீட்டி உட்காராதீர்கள். மலேசியாவில் ஒன்றைச் சுட்ட ஆட்காட்டி விரல் வேண்டாம், விரல்களை மடக்கிக் கட்டைவிரலால் காட்டுவது மரியாதை.

இங்கே மட்டும் விளையாட்டு வேண்டாம்

ஆஸ்பத்திரி, போலீஸ், குடியேற்ற அதிகாரி, கையெழுத்துப் போடும் காகிதம். இந்த நான்கு இடத்திலும் புரியாததைப் புரிந்ததுபோல் காட்டிக்கொள்ளாதீர்கள். மனைவிக்கு வயிறு சரியில்லாமல் ஒரு மருந்துக் கடைக்குப் போனபோது, கடைக்காரர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் மரியாதைக்காகத் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் போனில் மொழிபெயர்த்துக் காட்டினார்: 'நோயாளி கர்ப்பமா?' அதற்கும் தலையாட்டியிருந்தேன். வயது 58 ஆன நோயாளி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

தினமும் சாப்பிடும் மாத்திரையின் அட்டையைப் படமெடுத்து வையுங்கள். வியாபாரப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், சிறிய எழுத்திலிருக்கும் மருந்தின் பெயரைத்தான் அங்கே தேடுவார்கள். ஒவ்வாமை இருந்தால் அந்நாட்டு மொழியில் எழுதிய சீட்டு கையில் இருக்கட்டும். தாய்லாந்தில் சுற்றுலாப் போலீஸ் எண் 1155, ஆம்புலன்ஸ் 1669. மலேசியாவில் எல்லாவற்றுக்கும் 999. ஜப்பானில் போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 119. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112. புரியாத காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், இந்தியத் தூதரக எண்ணைப் போனில் மட்டுமல்ல, தாளிலும் வைத்திருங்கள்.

தோற்றுப்போன மாதிரி இருக்கும் சாயங்காலம்

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அது வரும். பகல் முழுக்க ஊமையாட்டம் ஆடிக் களைத்து, ஒருவரிடமும் ஒரு முழு வாக்கியம் பேசவில்லையே என்று இருக்கும். விடுதி அறையை விட்டு வெளியே போகவே மனசு வராது. அன்றைக்கு வீட்டுக்கு ஒரு போன் போட்டு வாய் நிறையப் பேசிவிட்டுச் சீக்கிரம் தூங்குங்கள், மருந்து அவ்வளவுதான்.

எனக்கு அப்படி ஒரு ராத்திரியில் டிலனாய் ஞாபகம் வந்தார். 1741-ல் குளச்சலில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படைக்காரர், பின்னால் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியானவர். 1777-ல் இறக்கும்வரை இந்த மண்ணில்தான் இருந்தார். புலியூர்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் அவர் கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அங்கே எத்தனையோ தடவை கூட்டிப் போய் வருடங்களை ஒப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த மனுஷர் முதல் நாள் தண்ணீர் எப்படிக் கேட்டிருப்பார் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

திரும்பி வந்த பிறகு

சொற்களை எழுதிவைத்த குறிப்பேட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த முறைக்கு ஆகும், அடுத்து போகும் வீட்டாருக்கும் ஆகும்.

நான் வந்த மறுவாரம் கன்னியாகுமரிக்குப் போய் அந்தச் சங்குமாலைக்காரரைத் தேடிப் பிடித்தேன். 'கா'வும் 'க்ரப்'பும் ஆன கதையைச் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "எவ்வளவுங்கதுக்கு என்ன சாரே சொல்லுவான்?" என்றார்.

"தாவ் ராய்."

"நூறுக்கு?"

"ரோய்."

"தாய்லாந்துக்காரன் இங்க எங்க வரப்போறான்" என்றபடி காலி அட்டைப்பெட்டியின் மூடியில் இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டார். "இருந்தாலும் கெடக்கட்டு." அதற்குள் ஒரு வங்காளக் குடும்பம் வந்து நின்றது. அவர் மாலையைத் தூக்கிப் பிடித்து, முதலில் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, அவர்களிடம் உரக்கச் சொன்னார்: "ரோய், ரோய்!"